ஹவானாவில் எடுத்த படம்

ஹவானாவுக்கு விடுமுறையில் வந்த மூன்றாம் நாள் காலைதான் அன்னபூரணம் மகனின் தட்டைக் கவனித்தாள். கனடாவில் மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத தில்லைநாதன், மேசை நிறைய மீன் கிடக்க, வெறும் பாண் துண்டு ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தான். வெளிக்கிட்ட நாளிலிருந்து சவரமும் இல்லை. கேட்டதற்கு, "லீவுதானே அம்மா" என்றிருந்தான். அறையில் சாமிக்கு விளக்குக் கொளுத்தப் போனபோது மருமகள் மீனாம்பிகை கையைப் பிடித்துத் தடுத்தாள். ஹோட்டல்காரர் ஏசுவார்களாம்.

சொந்த ஊரான நெடுந்தீவில் எத்தனை செத்தவீடு கண்டவள் அன்னபூரணம். தகப்பனைப் பறிகொடுத்த மகன் மீன் தொடமாட்டான், சவரம் செய்யமாட்டான். துடக்கு வீட்டில் சாமிக்கு விளக்கும் வைக்கமாட்டார்கள். சண்டைக்குள்ளும் மாட்டையும் வளவையும் விட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே நின்றுவிட்ட தன் மனிசனின் முகம் முன்னால் வந்தது.

"தம்பி, கொப்பர் எப்ப செத்தவர்?"

தில்லைநாதன் தட்டைத் தள்ளி வைத்தான். "வெளிக்கிட முதல் நாள் கொழும்பிலையிருந்து போன் வந்தது அம்மா. பிள்ளையள் ஆசைப்பட்டுக்கொண்டு இருந்ததுகள். திரும்பிப் போய்ச் சொல்லுவமெண்டு..."

அன்னபூரணம் நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"நேற்றுக் கடற்கரையிலை எனக்குப் பூ வைச்சு, சிரியுங்கோ அம்மா எண்டு படம் எடுத்தனீ. பிலிமைக் கழுவினாப்போலை அதைக் கொப்பரின்ரை படத்துக்குப் பக்கத்திலை கொழுவு."