எழுபது நிமிடம்

டிப்போவில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். வைத்தவர் ஓட்டுநர் மீசைக்காரர். காலை ஆறு மணிக்கு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினால், மதியம் இரண்டு மணிக்கு இறங்கும்வரை அவள் கழிப்பறைப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. எங்கே போவது? வழித்தடத்தின் இரண்டு கடைசி நிறுத்தங்களிலும் ஆண்களுக்கு ஒரு சுவர் இருந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. விடிகாலையில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், அதற்குப் பிறகு உதட்டைக்கூட நனைக்க மாட்டாள். வயிறு கூப்பிட்டால் மூச்சை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் வயிறு தானாகவே அடங்கிவிடும். பதினோரு வருடப் பழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏழாம் மாதம்வரை வண்டியில் நின்றாள். இரும்புச்சத்து மாத்திரை விழுங்க ஆரம்பித்ததும் வயிறு கல்லாக இறுகியது. நான்கு நாளைக்கு ஒருமுறை, பிறகு ஐந்து நாளைக்கு ஒருமுறை. மாதாமாதம் மருத்துவமனைக்குப் போனபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. வேலைக்கு வசதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம். கிழிசல் பின்பக்கம்வரை போயிருக்கிறது என்று சொல்லி டாக்டரம்மா வெகுநேரம் தையல் போட்டார். அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. குழந்தையின் உள்ளங்கையில் இருந்த ரேகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை சிறிய கைக்குள் இத்தனை பாதைகளா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, பிரசவ வார்டின் நர்ஸம்மா கையில் அட்டையோடு கட்டில் கட்டிலாக வந்தார். வெண்கலக் குரல்.

"ஆறாம் நம்பர்! வெளிக்குப் போனியாம்மா?"

ஆறு கட்டில்கள், அவற்றைச் சுற்றி இருபது சொந்தக்காரர்கள். பக்கத்துக் கட்டிலின் மாமனார் பத்திரிகையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"போயிட்டேன்" என்றாள் அவள்.

போகவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு நர்ஸம்மா அட்டையில் ஒரு டிக் அடித்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலம் இளகுவதற்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்திருந்தார்கள். குடித்தால் போகவேண்டி வரும், போனால் தையல் பிரியும் என்ற பயத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அடக்குவதற்கு அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஏழாம் நாள், அடக்கவே முடியாமல்போன அந்தக் காலை நேரத்தை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ பிரிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் உடம்பு அவள் சொல் கேட்கவில்லை. சில நாள் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடுத்திய துணி கறைபட்டுவிடும்.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிகிற நேரத்தில் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும். கணவன் அச்சகத்திலிருந்து மை படிந்த விரல்களோடு வந்து கடிதத்தைப் படித்தான்.

"உனக்குத்தான் வண்டின்னா உசுராச்சே, சந்தோஷம்தானே? ஏன் முகம் இப்படி இருக்கு?"

"தூக்கமில்லப்பா. வேற என்ன" என்றாள்.

வண்டி ஒரு நடை போய்ச்சேர எழுபது நிமிடம் ஆகும். அந்த எழுபது நிமிடம் நின்று பார்த்துவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். நின்றுவிட்டால் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. நிற்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை.

மறுநாள் குழந்தையை அத்தையிடம் கொடுத்தாள். கணவனின் அம்மா. வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைத் தவிர வேறெங்கும் உட்காராத மனுஷி. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். "எங்கம்மாவுக்குக் கால்ல சக்கரம். என் கல்யாணத்துலயே பாதியில வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க" என்று கணவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

"எங்க கிளம்பிட்ட?" என்று அத்தை கேட்டார்.

"டிப்போ வரைக்கும் அத்தை. பால் எடுத்து வச்சிருக்கேன்."

நிறுத்தத்தில் மீசைக்காரரின் வண்டியே வந்து நின்றது.

"அடடே, ஒட்டகம்! என்னம்மா, பாலைவனம் திரும்பக் கூப்பிடுதா?"

"இன்னும் நாள் இருக்குண்ணே. சும்மா ஒரு நடை போய்ட்டு வரலாம்னு."

"வா வா. ஆனா டிக்கெட் எடுக்கணும், தெரியும்ல? இப்ப நீ பயணி. ஏமாத்தினா இறக்கி விட்டுடுவேன்."

அவளுக்குப் பதிலாக ஒரு புதுப் பெண் நடத்துநர் வந்திருந்தாள். காலி இருக்கைகள் நிறைய இருந்தன. அவள் உட்காரவில்லை. பின்பக்கக் கம்பியில் தோளைச் சாய்த்து, வேலையில் நிற்பதுபோலவே நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே துணிக்கடைகள், பள்ளிச் சுவர், பழுதுபார்க்கும் பட்டறைகள் என்று அவளுடைய பழைய தெருக்கள் வரிசையாக வந்து அவளை விசாரித்துவிட்டுப் போயின. முப்பத்தைந்து நிமிடம். முடியும்போலத்தான் இருந்தது. மனசுக்குள் லேசாக விசில் ஊதிக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. முன்பெல்லாம் வயிறு கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும். இது கூப்பிடவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், பதினோரு வருட வித்தை அத்தனையும் செய்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"அக்கா, முகமெல்லாம் வேர்க்குதே. உக்காருங்களேன்" என்றாள் புதுப் பெண்.

"வேண்டாம்மா. அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கிறேன்."

"என்னம்மா, பாதியிலயே?" என்று முன்னாலிருந்து மீசைக்காரர் கத்தினார்.

"குழந்தை அழுதிருக்கும்ணே!" அவள் குரல் சரியாகத்தான் வந்தது. அதுவே அவளுக்கு அதிசயமாக இருந்தது.

கைப்பையைப் பின்னால் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு, பெரிய தெருக்களைத் தவிர்த்து, சந்து சந்தாக இரண்டு மணி நேரம் நடந்து வீடு வந்தாள். வழியில் ஒரு நாய் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. அதைக்கூடத் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கூசியது.

அத்தைதான் கதவைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், பின்னால் பிடித்திருந்த பையைப் பார்த்தார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வெந்நீர் வைத்தார். அவள் குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலின்மேல் ஓர் அடுக்குத் துணி இருந்தது. பழைய பருத்தித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மடித்து, கையாலேயே தைத்த துணிகள். நாற்பது ஐம்பது இருக்கும். அத்தையின் அலமாரியில் கீழ்த்தட்டு எப்போதும் பூட்டியே இருக்கும். இப்போது அது திறந்து கிடந்தது.

"இதை நாலா மடிச்சு வச்சுக்க" என்றார் அத்தை, சுவரைப் பார்த்தபடி. "வெளிய போற அன்னைக்குக் காலையில எதுவும் சாப்பிடாத. அடர் கலர்ல உடுத்திக்க. எங்க போனாலும் கதவு எங்க இருக்குன்னு முதல்ல பாத்துக்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அத்தை... உங்களுக்கா?"

"உன் புருஷனுக்குப் பிறக்கும்போதே தலை பெருசு" என்றார் அத்தை.

சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். அடுத்த கணமே நின்றும் விட்டது.

"எவ்வளவு நாளா?"

"அவனுக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு."

"அவ்வளவுதான். பழகிடும் போ."

அத்தை அந்தச் சொல்லை ஆறுதலாகத்தான் சொன்னார். அவளோ ஒரு துணியை எடுத்துப் பார்த்தாள். தையல் அத்தனை நேர்த்தி. ஒரே அளவில் சின்னச் சின்னதாக, பிறந்த குழந்தையின் சட்டைக்குத் தைப்பதுபோல் தைத்திருந்தார். அதை எந்த மத்தியானங்களில் தைத்திருப்பார்? கதவைச் சாத்திக்கொண்டு, மகன் பள்ளியிலிருந்து வருவதற்குள். மகனின் கல்யாணத்தில், கறைபட்ட புடவையை முந்தானையால் மறைத்துக்கொண்டு எந்தச் சந்து வழியாக வீடு திரும்பியிருப்பார்? நாற்பத்தொரு நிமிடத்துக்கே அவள் உயிர் போய்விட்டது. இது முப்பத்தைந்து வருடம்.

துணிகளை அடுக்கி அத்தையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குப் பழக வேண்டாம் அத்தை" என்றாள்.

மாலையில் கணவன் வந்ததும், "நாளைக்கு ஆஸ்பத்திரி போறேன்" என்றாள்.

"குழந்தைக்கு என்ன?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல. எனக்கு."

சொன்னாள். கழுவாத கையோடு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அத்தையைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அது அவள் சொல்ல வேண்டியதல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு, குழந்தையைத் தூக்கிக்கொள்ள அத்தையும் கூட வந்தார். வார்டு வாசலிலேயே அந்த வெண்கலக் குரல் கேட்டது. அவள் நேராக அங்கேதான் போனாள்.

"மேடம், ஆறாம் நம்பர் கட்டில். மூணு மாசம் முன்னாடி. வெளிக்குப் போனியான்னு கேட்டீங்க. போயிட்டேன்னு பொய் சொன்னேன்."

நர்ஸம்மா அட்டையை மேசைமேல் வைத்தார். "இப்ப என்னம்மா பண்ணுது?" அந்தக் குரலை இத்தனை தணிக்க முடியுமா என்றிருந்தது. "உள்ள வா. அத்தனை பேர் நடுவுல கேட்டா எவதான் நிஜத்தைச் சொல்லுவா. என்னையும் சொல்லணும்."

டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். தசை ஆறியிருக்கிறது, ஆனால் பலமில்லை என்றார். இறுக்கிப் பிடித்து ஐந்து எண்ணவேண்டும், விடவேண்டும், பத்துத் தடவை. நாளைக்கு மூன்று வேளை. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். உட்காரும்போது காலுக்கடியில் ஒரு முக்காலி. வயிறு கூப்பிட்டால் உடனே போய்விட வேண்டும், ஒருபோதும் அடக்கக்கூடாது.

"சரியாயிடுமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு. உனக்கு எவ்வளவு குறையும்னு இப்பவே சொல்ல மாட்டேன். மூணு மாசம் பாப்போம். குறையலன்னா வேற வழியும் இருக்கு. ஆனா எட்டு மணி நேரம் அடக்கிட்டு நிக்கிற வேலைக்கு இப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா இருந்தா?"

"யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"கூட்டிட்டு வா. எவ்வளவு முடியும்னு பாத்தாத்தானே தெரியும்."

வெளியே அத்தை கழிப்பறைக்குப் பக்கத்து பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்களையும் ஒரு தடவை வரச் சொன்னாங்க அத்தை."

"என்னையா?" அத்தையின் முகம் கறுத்தது. "என்னைப் பத்தி உன்னை யாரு அங்க பேசச் சொன்னது? இந்தா, உன் பிள்ளையப் பிடி."

அத்தை அடுத்த இரண்டு நாளும் குழந்தையிடம் மட்டும்தான் பேசினார்.

அவள் டிப்போவுக்குக் கடிதம் எழுதினாள். மூன்று மாதம் வண்டியில் ஏற முடியாது, உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டும். திரும்ப ஏறும்போது, கடைசி நிறுத்தத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். காரணம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வாங்கிய கணவன், நின்றபடியே படித்தான்.

"இதை இப்படியே கொடுக்கணுமா? மீசைக்காரர் வரைக்கும் போகுமே."

"போகட்டும்."

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தரையில் பாயை விரித்துப் படுத்து, முழங்காலை மடித்து, இறுக்கிப் பிடித்து எண்ண ஆரம்பித்தாள். மனசுக்குள் எண்ணினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பக்கத்து அறையில் அத்தை துணிகளை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விட்டாள். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் சத்தமாக. மூன்றாம் முறை எண்ணும்போது துணி உதறும் சத்தம் நின்றது. "அஞ்சு" என்று சொல்லி விட்டபோது அது மறுபடி தொடங்கியது.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சரியாகக் கேட்கவேண்டுமே என்று குரலை உயர்த்தி, நிதானமாக, நான்காம் முறையை ஒன்றிலிருந்து தொடங்கினாள்.