மேற்கே ஒரு சிவப்புக் கொடி

கடலின் படம் பாதி விரிந்துகொண்டிருக்கும்போதே திரை மறுபடியும் நீலமாகிப்போனது. கரை வந்திருந்தது. கரைக்குள் புகுந்த களப்பு வந்திருந்தது. கற்பிட்டி முனை ஒரு நூலைப்போல மேலேறிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால்தான் ஜௌபர் குறித்துவைத்த புள்ளிகள் வரவேண்டும். அதற்குள் எல்லாம் அழிந்து, வெறும் நீலத்தின் மேல் ஏதோ வெள்ளை எழுத்துகள் நின்றன. றிஸ்மினா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்ற கணக்கே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

"அதே இடத்துலதானா அக்கா?" என்று பின்னால் நின்ற ஜெயந்தன் கேட்டான். மதுரங்குளியில் கணினி திருத்தும் கடையில் வேலை செய்பவன், உடப்பு ஊர்க்காரன். மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசல்துறைக்கு வந்து சேர்வதற்குள் அவன் தலைமயிர் உப்புக்காற்றில் விறைத்துப்போயிருந்தது.

"ஓம் தம்பி. சும்மா போட்டு வெச்சா ஒண்டுமில்ல. படத்தத் தொறக்கக்குள்ளதான் நிக்கிது."

"அப்ப மெமரிதான் பிழை. பாரம் ஏறேக்க தாங்குதில்ல."

அவன் சுவரில் இருந்த மின் ஆளியை நிறுத்தினான். விசிறியின் சத்தம் அடங்கியதும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கூரைத் தகட்டை அடிப்பது தெளிவாகக் கேட்டது. கச்சான் எழுந்தால் மேற்குக் கடலுக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி. இந்தக் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுவிடுவார்கள். அவள் கணவன் ஜௌபர் மீன்பிடிக்கப் போனது அதற்குச் சற்று முன்னால், கடல் இன்னும் நல்லபிள்ளையாக இருந்த ஒரு விடியற்காலையில். போனவன் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. கடற்படை தேடியது, கரையில் உள்ள வள்ளங்கள் எல்லாம் தேடின. ஒரு பலகை, ஒரு எண்ணெய்க் கலன்கூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? எந்தப் பக்கம் போனான் என்று யாருக்குத் தெரியும்?

கடலுக்கடியில் மீன் கூடுகிற கல்லுக்கு அங்கே 'பார்' என்று பெயர். ஒருவன் தேடிக் கண்ட பாரை இன்னொருவனுக்குச் சொல்லமாட்டான். கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். புறப்பட்டுப் போகிறவனிடம் "எங்கே?" என்று வீட்டில் கேட்பதுமில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று றிஸ்மினாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கேட்பதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கும் அவள் தேநீர்ப் போத்தலைக் கையில் கொடுத்தாள், அவன் வாங்கிக்கொண்டான். "மேற்கால போறன்" என்றான். மேற்கால என்றால் கடல் முழுதும்தான்.

முன்னர் ஒரு தடவை இடம் காட்டும் கருவி கைதவறித் தண்ணீரில் விழுந்து, அவன் பாடுபட்டுக் கண்டுபிடித்த பார்களெல்லாம் அதோடு போய்விட்டன. அதற்குப் பிறகு வாங்கிய பழைய கணினிதான் இது. கரைக்கு வந்த நாளெல்லாம் கருவியை வயரில் குத்தி, புள்ளிகளை இதற்குள் இறக்கிவைப்பான். அடுத்து எந்தப் பாருக்குப் போக நினைக்கிறானோ அதன்மேல் ஒரு சிவப்புக் கொடியை நகர்த்தி வைப்பான். துவைத்த சாரன்களை மடித்தபடி அவள் வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். போவதற்கு முதல்நாளும் கொடி நகர்ந்தது. எங்கே நகர்ந்தது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

தேடிய நாள்களில் இந்தப் பெட்டி யாருக்கும் நினைவில் வரவில்லை. ஜௌபர் இருக்கும்போதே அது நின்று நின்று ஓடியதுதான். சீலையைப் போர்த்தி ஒதுக்கிவைத்த சாமான். தேடல் ஓய்ந்து, பள்ளிவாசல் நிர்வாகத்தார் வந்து தலைகுனிந்து நின்றுவிட்டுப் போன பிறகுதான் ஜௌபரின் தம்பி ஃபஸ்லான் ஓடிவந்தான். "மதினி, காக்கா வயர் குத்துவாரே, அந்தப் பொட்டி எங்க?" என்று கேட்டான்.

அவன் இப்போது அறைவாசலுக்கு வெளியே, கதவுநிலையில் தோளைச் சாய்த்து நின்றிருந்தான். கையில் கைப்பேசி. உள்ளே வரவில்லை. அண்ணனின் பார்களைப் பார்க்கவந்தவன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம்.

"நானா, டிஸ்க்கக் கழட்டித் தாங்க. கடையில வேற மெசின்ல போட்டா லேசா எடுக்கலாம்" என்று ஜெயந்தன் அவனைப் பார்த்துச் சொன்னான்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது. "அது இந்த ஊட்ட விட்டுப் போகாது."

ஜௌபரின் உம்மா சாரா உம்மா, தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தாமலே பேசினார். "எண்ட மகன் வந்து, எண்ட பாரெல்லாம் ஆருக்குக் குடுத்தீங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ற? கடைக்குப் போனா ஊருக்கே போன மாதிரிதான். இவனும் உடப்பு ஊரான். நாளைக்கு உடப்பு வள்ளமெல்லாம் எங்கட பாருலதான் நிக்கும்."

"எனக்கு வள்ளத்துல கால வெச்சாலே தலசுத்திச் சத்தி வரும், அம்மா" என்றான் ஜெயந்தன். "எங்கட அப்பா என்ன ரெண்டு தரம் கூட்டிப் போய்ப் பாத்துட்டு, இவன் சரிவரமாட்டான் எண்டுதான் இந்த வேலைக்கு அனுப்பினவர்."

ஃபஸ்லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றிஸ்மினாவுக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. இந்த வீட்டில் சிரித்த சத்தம் எல்லோருக்குமே வேற்றாளின் குரலைப்போலக் கேட்டது.

ஜெயந்தன் பெட்டியைப் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்த்தான். விரலை விட்டு எடுத்தான். நுனியில் கரிய பிசின் ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

"உப்புப் படியிறது இந்தக் கரையில உள்ளதுதான். இது வேற. இங்க என்ன புகை போடுறீங்க?"

தஸ்பீஹ் மணி நின்றது.

மேசைக்குக் கீழே, ஜௌபர் உட்காரும் கதிரையின் காலோரம், சாம்பிராணிச் சட்டி இருந்தது. மகன் காணாமல்போன நாளிலிருந்து அந்திக்கு மஃரிப் பாங்கு சொன்னதும் சாரா உம்மா தணல் எடுத்து, சாம்பிராணி தூவி, அதை அந்த இடத்திலேயே கொண்டுவந்து வைப்பார். மகன் இருந்த இடம் இருளடைந்து கிடக்கக்கூடாது, வந்தால் மணக்கவேண்டும். கதவையும் யன்னலையும் சாத்திவிடுவார். புகை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நிற்கும். ஃபஸ்லான் வந்து கேட்ட பிறகு பெட்டிக்குள் விசிறி ஓடியபோதெல்லாம், மகனுக்காகக் கேட்ட துஆவின் புகையை அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏற்கெனவே இளைத்துப்போயிருந்த சாமானை அதுதான் முற்றாகச் சாய்த்திருக்கவேண்டும்.

"அது... எப்பயும் போடுறதுதான்" என்றாள் றிஸ்மினா, மாமியின் பக்கம் பார்க்காமல்.

ஜெயந்தனின் கண் சட்டியில் விழுந்தது. பச்சைப் பலகைத் துண்டுகள் இரண்டை உள்ளேயிருந்து பிடுங்கி எடுத்தான். பலகைகளின் அடியோரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருந்தன. பாதிப் பற்கள் கறுத்துக் கிடந்தன. "இதுதான் மெமரி, அக்கா. அழிரப்பர் ஒண்டு இருந்தா குடுங்க. மெதுவா உரசுங்க, அழுத்தாதீங்க."

அலுமாரிக்குள் அழிரப்பரைத் தேடும்போது, மடித்துவைத்த வெள்ளைச் சீலை அவள் கையில் பட்டது. யாரோ ஒரு சொந்தக்காரி கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனது. கணவன் மௌத்து, இறந்துபோனான் என்று தெரிந்தால் அவள் அதை உடுத்து இத்தாவில் இருக்கவேண்டும். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். மௌலவி வந்தபோது நல்ல மனிதராகத்தான் பேசினார். "ஆள் மௌத்தெண்டு தெரியாம நாள் எண்ண ஏலா, தங்கச்சி. பொறுங்க" என்றார். பொறுப்பதற்கும் ஒரு முதல்நாள் இருந்தால் நன்றாக இருக்கும். பூப்போட்ட சட்டையோடு அவள் முற்றத்தில் இறங்கினால் ஒரு பார்வை, இறங்காவிட்டால் ஒரு பார்வை. மனைவி என்று சொல்லிக்கொள்ளவும் நாக்கு கூசியது, மற்றதைச் சொல்லவும் கூசியது.

ஒரு துண்டை அவள் உரசினாள், மற்றதை அவன் உரசினான். கறுப்பு உதிர்ந்து மஞ்சள் தெரிந்தது. முதல் துண்டை மட்டும் போட்டுப் பார்த்தபோது பெட்டி கீச்சென்று கத்தியது, திரை விழிக்கவேயில்லை. மற்றத் துண்டைப் போட்டான். திரை வந்தது, கரை வந்தது, மறுபடி நீலம். அதே துண்டை அடுத்த துளையில் மாற்றிக் குத்தினான்.

இதற்கிடையில் சாரா உம்மா எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். ஃபஸ்லானுக்கு மட்டும் என்று நினைத்துப் பேசினார். ஆனால் சின்ன வீடு, எல்லோருக்கும் கேட்டது.

"இடம் தெரிஞ்சா நீ போவாய்."

"கடல் அடங்கட்டும் உம்மா. அடங்கினப்புறம்."

"பொய். நீ அடங்கிறவரைக்கும் இருக்கமாட்டாய். ஒன்ன நான் பெத்தனான்."

"காக்காட பாரு எனக்கு வாணா. காக்கா எங்க எண்டு தெரிஞ்சாப் போதும். ஒரு பலகையாவது..."

"எனக்கு ஒரு புள்ள போனது போதாதா ஃபஸ்லான்? ரெண்டையும் குடுக்கவா?"

ஃபஸ்லான் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு வெளியே எடுத்தான்.

"இப்ப பாருங்க அக்கா" என்றான் ஜெயந்தன்.

படம் விரிந்தது. மிக மெல்ல, ஒவ்வொரு துண்டாக. களப்பு வந்தது. முனை வந்தது. முனையைத் தாண்டி நீலம் வந்தது, ஆனால் இது வேறு நீலம். அதன்மேல் புள்ளிகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஜௌபர் பெயர் வைத்திருந்தான். 'உம்மா.' 'பெருநாள்.' 'மழைநாள்.' கரைக்குக் கிட்ட, காற்று மாறினாலும் ஓடி வந்துவிடக்கூடிய தூரத்தில், 'றிஸ்மி'. ஜெயந்தன் யாரும் சொல்லாமலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் அப்பாவும் கடல்காரர்தானே.

"ஒரு துண்டுலதான் ஓடுது" என்றான் சுவரைப் பார்த்தபடி. "எப்ப விழும் எண்டு சொல்லமாட்டன். வேண்டியத இப்பவே எடுத்துக்கங்க."

கொடி எந்தப் பெயரின் மேலும் இல்லை. அவள் படத்தை மேலே தள்ளி, தெற்கே பார்த்தாள். இன்னும் தள்ளினாள். தேடிய வள்ளங்கள் எல்லாம் வடக்கே போனவை. கொடி தென்மேற்கே, மற்றப் புள்ளிகளை எல்லாம் விட்டுவிட்டு, தன்னந்தனியே நின்றது. ஜௌபர் முதல் தடவையாகப் போன இடமாக இருக்கவேண்டும். பெயர் வைப்பது வந்த பிறகு என்று விட்டிருப்பான். கொடியின் பக்கத்தில் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே அந்த இடத்தைச் சொல்லும் இரண்டு வரி எண்கள் இருந்தன.

"மதினி, வந்திச்சா?"

அவள் திரும்பி மாமியைப் பார்த்தாள். வரவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆளியை நிறுத்தினால் போதும். கடல் ஃபஸ்லானை விட்டுவைக்கும், அலுமாரிச் சீலை அலுமாரியிலேயே கிடக்கும், ஜௌபர் மேற்கால போனவனாகவே இருப்பான். அந்த முகத்தில் அவள் எதைத் தேடினாளோ தெரியாது. சாரா உம்மா அவள் கண்ணைப் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து, மேசைக்கடியிலிருந்து சாம்பிராணிச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுப்படியில் தணல் எடுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஃபஸ்லானைத் தாண்டிப் போகும்போது, "அவ சொல்றத சரியா எழுதிக்க" என்றார். முற்றத்தில் கடலைப் பார்த்தபடி சட்டியை மண்ணில் வைத்தார்.

கச்சான் விடவில்லை. கடலுக்கென்று வைத்த புகையை அது அப்படியே சுருட்டி, திறந்துகிடந்த யன்னலால் அறைக்குள் திருப்பிக் கொண்டுவந்தது. றிஸ்மினா மூடியில்லாத பெட்டியின் மேல் இடதுகையை விரித்து வைத்து மறைத்தாள். உள்ளே விசிறி சுற்றும் அதிர்வு உள்ளங்கையில் மெதுவாகத் தட்டியது. வலதுகை விரல் கொடியின் கீழிருந்த எண்களில் நின்றது.

"எட்டு" என்றாள்.

"ஓம், எட்டு" என்றான் வாசலில் ஃபஸ்லான்.