பெரியவர் மங்கை வீட்டில் தங்கிய காலம்

பார்த்திபன் தன் வீட்டு மீன்தொட்டிக்குள் ஒரு கல்லை நகர்த்தினால், தெருவுக்குப் பின்னால் இருக்கிற குன்றில் அதற்கு இணையான பாறையும் நகரும். இது முதலில் நடந்தது 2022ஆம் ஆண்டு ஆடி மாதம். தொட்டிக்குள் கல் அடுக்கி முடித்த மாலையில், குன்றின் உச்சியிலிருந்த தட்டைப் பாறை இறங்கி வந்து நடுவில் உட்கார்ந்தது. மழையில் மண் கரைந்திருக்கும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அடுத்த முறை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அன்புக்கரசியின் வளையல் பட்டு ஒரு சிறு கல் உருள, குன்றில் லாரி அளவுப் பாறை ஒன்று சத்தமில்லாமல் புரண்டு படுத்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடியும் மேய்ந்தன. செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமில்லை என்பதால் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஆட்டை ஓட்டிக்கொள்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பார்த்திபனும் அப்படியே செய்துவந்தார்.

அவர் துபாயில் ஒரு ஓட்டலின் கடல்மீன் தொட்டிகளைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர். கடலைப் பார்க்க வேண்டுமானால் மரக்காணம் வரை பஸ் ஏற வேண்டிய ஊரில், கூடத்துச் சுவர் நீளத்துக்குத் தொட்டி கட்டி, சுத்திகரித்த தண்ணீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து, பவளம் வளர்த்தார். அவருடைய ஆசை டாங் மீன்களின் மேல். தாம்பாளம் போலத் தட்டையான உடம்பு, நாளெல்லாம் பாசி மேய்கிற வாய், வாலின் இரண்டு பக்கமும் பேனாக்கத்தி போல ஒரு முள். தனியாக இருந்தால் சாது. ஒன்றிருக்கிற இடத்துக்கு இன்னொன்று வந்தால் முன்னால் வந்தது வாலால் வெட்டும். ஆகவே சேர்த்து வளர்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவார்கள். இல்லையென்றால் சாதுவை முதலிலும் முரடனைக் கடைசியிலும் விடுவார்கள். இது பார்த்திபனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்புக்கரசி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே வூட்டுக்கு ஒரே நாள்ல நாலு பேரைப் புதுசா அழைச்சாருவாங்களா? எங்க பாத்தீங்க அப்பிடி? பெரியவரு மொதல்ல வரட்டும். மத்தவங்க முறையா பின்னால வரட்டும்." அப்படியாக, கறுப்பு வெள்ளைக் கோடுகளும் ஆரஞ்சு முள்ளும் கொண்ட சோஹால் டாங்கை, உருவத்தில் பெரியது என்பதால், நல்ல நாள் பார்த்து, பிளாஸ்டிக் பையோடு வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்து, முதலில் விட்டார்கள். தெருவே அதைப் பெரியவர் என்று கூப்பிட்டது. மஞ்சள் டாங் ஆவணியிலும், நீலம் ஐப்பசியிலும், ஊதா தையிலும், ஆளுக்கொரு ஆரத்தியோடு வந்தன.

விளைவு வேறு மாதிரி இருக்க வழியில்லை. மஞ்சளின் துடுப்பு கிழிந்த குடைத்துணி போலத் தொங்கியது. நீலம் பம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகிக்கொண்டு வெளியே வரவில்லை. ஊதாவைப் பெரியவர் தீனிப் பக்கம் அண்ட விடுவதில்லை. இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. கற்களை மொத்தமாக எடுத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கினால், எது யார் இடம் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். பார்த்திபன் தெருவில் சொல்லிவிட்டார். ஆடுகள் இறங்கின. மங்கை மட்டும் பார்த்திபன் வீட்டுப் படியேறி வந்தார்.

மங்கை குன்றின் அடியில் குடியிருப்பவர். செங்கல் மிச்சம் என்று அவருடைய மாமனார் மூன்று சுவர்தான் கட்டினார்; நான்காவது சுவர் பாறை. தொட்டியில் அந்தப் பாறைக்கு இணையான கல்லின் அடியில்தான் பெரியவர் குடியிருந்தார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் கலைமதி, குளிர்ச்சியாக இருக்கிறது என்று அந்தப் பாறையோரமாகவே கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"மத்த கல்லையெல்லாம் எடுத்துக்கோ தம்பி. அந்தப் பெரிய கல்லைத் தொடாத."

"அதை வுட்டுட்டு மத்ததை மாத்தி இன்னாக்கா ஆவப்போவுது? அதான அவுரு வூடு."

"எனுக்கும் அதான் வூடு. புள்ளத்தாச்சி படுத்துனு இருக்கசொல்ல சொவுரு எழுந்து நடந்துச்சின்னா நான் இன்னா பண்றது?"

பார்த்திபன் பெரிய கல்லை விட்டுவிட்டு மற்றதை மாற்றிப் பார்த்தார். குன்று ஒரு பகல் முழுக்க இடம் மாறியது. பெரியவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே கல்லின் அடியில் போய் நின்று, அங்கிருந்து மறுபடியும் வெட்டத் தொடங்கினார். நீலம் சாப்பிடுவதை நிறுத்தியது. அதைப் பார்த்த மங்கைக்கே மனசு கேட்கவில்லை. "கல்லை எடுக்க முடியாதுன்னா மீனை எடு. எங்கூட்ல இருக்கட்டும் கொஞ்ச நாளு. அங்கயும் அதே கல்லுதான" என்றார். முரட்டு மீனைச் சில காலம் வெளியே வைத்திருந்து புதுசாகத் திருப்பி விடுவது துபாயிலும் வழக்கம்தான். ஒரு நீல டிரம்மில் கடல்நீரும் காற்று பம்பும் வைத்துப் பெரியவரை மங்கை வீட்டில் இறக்கினார்கள்.

மறுநாள் அவர் டிரம்மிலிருந்து எழும்பி, பாறைச் சுவரின் பாசியை அந்தரத்தில் நின்று மேய்ந்தார். அறைக் காற்றில் லேசாக உப்பு இருந்தது, மற்றபடி தொந்தரவில்லை.

"யம்மா, மீனு வெளிய வந்துட்ச்சி."

"தின்னட்டும். உன் சோத்துலயா வாய வெச்சுது?"

தூங்குவதற்கு மட்டும் டிரம்முக்குப் போனார். வெளியிலிருந்து வந்த பல்லிகளை விரட்டினார். அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் என்பதால் தாயையும் மகளையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புதிதாக எது உள்ளே வந்தாலும் வெட்டினார். பிரஷர் பார்க்க வந்த நர்சம்மாவின் பை கிழிந்தது. குழந்தைக்கு வெந்நீர் வைக்க வாங்கி வந்த புது எவர்சில்வர் குடத்தில் கீறல் விழுந்தது. கலைமதிக்கு இடுப்பு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் மங்கைக்கு உறைத்தது. பெண் குழந்தை பிறந்த சேதியோடு அவர் நேராகப் பார்த்திபன் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நாளன்னிக்கு கொழந்த வூட்டுக்கு வருது. அதுவும் புதுசுதான?"

பார்த்திபன் டிரம்மைத் தன் வீட்டுக்கு எடுத்து வந்தார். பெரியவர் சாயங்காலமே எழும்பி, தெருவோடு போய், பால்காரருக்கு வழிவிட்டு, மங்கை வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். தொட்டியில் விடவும் வழியில்லை. நீலம் அப்போதுதான் தீனிக்கு வாய் திறந்திருந்தது. கடைசியில் அன்புக்கரசிதான் சொன்னார்: "கல்லைத்தான மாத்த முடியாது? மத்தது எல்லாத்தையும் மாத்திப்புடலாம். மாத்திட்டு, எல்லாரையும் ஒண்ணா உள்ள அழைப்போம்." பார்த்திபன் அவரையே பார்த்தார். "பாக்காதீங்க. போய் பீரோவைப் புடிங்க" என்றார் அன்புக்கரசி.

மங்கை வீட்டில் கட்டில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போனது. பீரோ பாறையின் முன்னால் வந்தது. அடுப்பு அறைக்குள்ளும், சாமி படங்கள் அடுப்படிக்கும் போயின. டியூப்லைட்டைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். பெரியவரை வலையில் பிடித்து, டிரம்மில் போட்டு, மூடி வைத்து வாசலில் நிறுத்தினார்கள். ஆட்டோ வந்ததும் அன்புக்கரசி ஒரே தட்டில் தாய்க்கும் சேய்க்கும் டிரம்முக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினார். கலைமதி வலது காலை வைத்த அதே நொடியில் பார்த்திபனும் டிரம்மோடு நிலைப்படி தாண்டினார். வாசல் குறுகல், மூன்று பேரும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டு, பாதித் தண்ணீர் அங்கேயே கொட்டியது.

மூடியைத் திறந்தார்கள். பெரியவர் எழும்பினார். அறையை ஒரு சுற்று சுற்றினார். அடுப்பைக் கண்டு ஒதுங்கினார். டியூப்லைட்டின் அடியில் தயங்கினார். பிறகு குழந்தையின் முகத்துக்கு நேராக வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றார். வெட்டுவதற்கு முன் அவர் நிற்கும் நிலை அதுதான். மங்கை முந்தானையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை கொட்டாவி விட்டது. பெரியவரின் நிறம் வெளுத்தது. புது இடத்துக்கு வந்த மீன் அப்படித்தான் வெளுக்கும். வாலை மெல்ல விலக்கிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய், பாறையைக் கண்டுபிடித்து மேயத் தொடங்கினார். மங்கை முந்தானையை விட்டுவிட்டு, வாசலில் கொட்டிய தண்ணீரைத் துடைக்கப் போனார்.

குழந்தைக்கு நிலா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் கலைமதி குழந்தையோடு அவலூர்பேட்டைக்குப் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு, பெரியவரைத் தொட்டியில் திருப்பி விட்டார்கள். இந்த முறை அவர் கடைசியாக வந்தவர். பெரிய கல்லின் அடியிலிருந்து மஞ்சள் டாங் தன் வாலைக் காட்டியது. அவர் பம்பின் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். சில நாளில் நான்கும் தீனிக்குத் தொங்கவிட்ட ஒரே காய்ந்த பாசித் தாளைக் கடித்தன.

மங்கை வீட்டுப் பாறைச் சுவரில் பாசி குறைவது மட்டும் நிற்கவில்லை. மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலையில் பார்த்தால், தொட்டியில் பெரிய கல்லின் மேல் இருப்பது போலவே, அகலக் கோடும் குறுகல் கோடுமாக மேய்ந்த தடம் இருக்கும். போன மாதம் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சொவுத்துல கோடு கோடா?"

"மீனு மேயுது."

"எத்தினி?"

"நாலு."

"சண்டை போட்டுக்காதா?"

"மொதல்ல போட்டுதுங்க. இப்ப இல்ல."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனார்.