இரண்டாவது ஊசி

டாக்டரம்மாவுக்குப் புது மருந்து என்றால் பெற்ற பிள்ளை மாதிரி. யாராவது குறை சொன்னால் மல்லுக்கு நிற்பாள். மயக்க மருந்து டாக்டர் பழைய மருந்தின் கட்சி. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மாதம் நிறைந்து வலி எடுத்தவளின் கருப்பை இறுகும்போது சில பிள்ளைகளின் நாடித்துடிப்பு விழுந்துவிடும். ஆபரேஷன் அறை தயாராகும் வரை அந்த இறுக்கத்தை ஊசி போட்டு அடக்கி வைக்க வேண்டும். எந்த ஊசி மேல் என்று இருவரும் சேர்ந்து, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி, ஒப்பிட்டு வந்தார்கள். பழையது தாயின் நெஞ்சைப் படபடக்க வைக்கும், ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும். புதியது சத்தமில்லாமல் வேலை செய்யும், ஆனால் தெளிய நேரமாகும். ஒரு ஊசிக்கு அடங்கவில்லையென்றால் மற்ற மருந்துக்கு மாறவேண்டும். மாறினால் முதல் மருந்து தோற்றதாகக் கணக்கு.

அன்று வலியோடு வந்த தையல்காரிக்குச் சீட்டில் விழுந்தது புதியது. தலைப்பிரசவம். ஊசி ஏறியதும் பிள்ளையின் துடிப்பு சீரானது. டாக்டரம்மா மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். சின்னப் பிள்ளைகள் கெட்டார்கள் போங்கள்!

ஆபரேஷன் அறையில் முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போனது. வயிறு மறுபடி இறுகியது.

"துடிப்பு இறங்குது டாக்டர். மாத்திடலாமா?" என்றாள் சிஸ்டர்.

"வேண்டாம். இதையே இன்னொண்ணு போடு."

"ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்றேன்ல, போடும்மா!"

அந்த நேரத்தில் டாக்டரம்மா நினைத்தது தையல்காரியை அல்ல, எதிரே நின்ற மனிதரிடம் தோற்கக்கூடாது என்பதைத்தான்.

ஆபரேஷனில் பிள்ளை வீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. பெண் குழந்தை, குறையொன்றும் இல்லை. அதன்பிறகு கருப்பை கெட்டியாகச் சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். இதுவோ ஊறிய துணி போலத் துவண்டு கிடந்தது. சுருக்கும் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். இரண்டு கையாலும் பிசைந்தாள், இழுத்துத் தைத்துப் பார்த்தாள். ரத்தம் மட்டும் நிற்கவேயில்லை. கடைசியில் உயிரைக் காப்பாற்றக் கருப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றார் மயக்க மருந்து டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. "பிள்ளையோட துடிப்பைத்தானே நாம கணக்குல எடுக்கிறோம்? உங்க மருந்து ஜெயிச்சுதான் இருக்கு."

அவர் குத்திக் காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் வார்டுக்குப் போனாள். தையல்காரியின் அக்கா, கருப்பை போனதைத் தங்கையிடம் இன்னும் சொல்லாதவள், டாக்டரம்மாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். தையல்காரி வெளிறிய முகத்தோடு சிரித்தாள். மார்பில் பிள்ளை.

"உங்க கை ராசியான கை டாக்டரம்மா. இதுக்கு ஒரு தம்பி வேணும். அவனையும் உங்ககிட்டதான் பெத்துக்குவேன்."

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரத்தப்போக்கு, வேறு வழியில்லை, உயிர் பிழைத்ததே பெரிது என்று வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாமே உண்மைதான். அவற்றையெல்லாம் ஒதுக்கினாள்.

"இனிமே பிள்ளை பிறக்காதும்மா" என்றாள். "நான் ரெண்டாவது ஊசி போடச் சொன்னேன். போட்டிருக்கக் கூடாது."

தையல்காரி அக்காவைப் பார்த்தாள். பிறகு, டாக்டரம்மாவின் கை படாத தூரத்துக்குப் பிள்ளையை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள்.