டிரைவர் மாமா தூங்கிட்டாரு

முத்துக்கண்ணனுக்குத் தூக்கம் கெட்டது பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ராத்திரி. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கரண்ட் போய்விட்டது, வீட்டுக்குள் ஒரே புழுக்கம், இரண்டு மணி வரை கட்டிலில் புரண்டுகொண்டிருந்தான். காலையில் எழுந்து குளித்துவிட்டு வழக்கம்போல வேனை எடுத்தான்.

அரியக்குடிப் பக்கத்திலிருந்து பதின்மூன்று பிள்ளைகளைக் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது அவன் தொழில். சொந்த வேன். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நடுவில் கொஞ்ச காலம் குடித்துக்கொண்டிருந்தான். ஓட்டும் நேரத்தில் இல்லை, ராத்திரிகளில். அதையும் விட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அன்றைக்குக் கண் எரிந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது பிரேக்கை ஒரு நொடி தாமதமாக மிதித்தான். ஆட்டோக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். ஆனால் ராத்திரி படுத்ததும் அந்த ஒரு நொடி கண்முன் வந்து நின்றது. இன்றைக்கும் தூங்கவில்லை என்றால் நாளைக்கு என்ன ஆகும்? பதின்மூன்று பிள்ளைகள். அப்படி நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. அதுவரை நாற்பத்து மூன்று வருஷம் தூங்கியிருக்கிறான், தூக்கத்தைப் பற்றி ஒரு தரம்கூட நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு அதே நினைப்புதான். எட்டு மணிக்கே படுக்க ஆரம்பித்தான். டிவியை அணைக்கச் சொன்னான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாலில் ஜாதிக்காய் போட்டுக் குடித்தான். வெந்நீரில் காலை நனைத்தான். போனில் மழை பெய்கிற சத்தத்தை வைத்துக் கேட்டான். எதைச் செய்தாலும் உள்ளே ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பத்து மணிக்குப் போனை எடுத்துப் பார்ப்பான். இப்போது தூங்கினாலும் ஏழு மணி நேரம் கிடைக்கும். ஒரு மணிக்குப் பார்ப்பான். நாலு மணி நேரமாவது கிடைக்கும். மூன்று மணிக்குமேல் பார்க்கப் பயந்து போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பான். விடியும் நேரம் லேசாகக் கண் சொருகும், அலாரம் அடித்துவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை, பிரஷர் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசலாம். தூக்கம் வரவில்லை என்று ஒரு ஆம்பளை எப்படிச் சொல்வது? கைக்குழந்தைக்கே தானாக வருகிற ஒன்று. அதோடு, சொன்னால் யார் தங்கள் பிள்ளையை வேனில் ஏற்றுவார்கள்? "நல்லா தூங்குனீகளா?" என்று மனைவி செந்தாமரை காலையில் காப்பியோடு வந்து கேட்டால், "அடிச்சுப் போட்ட மாதிரி" என்பான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். ரயில்வே கேட் போட்டிருந்தது. வேனை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். பிள்ளைகள் பின்னால் ஏதோ பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக நகர்ந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ பெட்டி வரைக்கும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கேட் திறந்துவிட்டிருந்தது, எதிர்ப்பக்க வண்டிகளெல்லாம் கடந்து போய்விட்டன. நெற்றியில் ஸ்டியரிங் அழுந்திய தடம். பைக்கில் வந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே, பகல்லயே ஏத்திக்கிட்டீகளா?"

முத்துக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். தண்டவாளத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நின்ற வண்டியில் வந்த தூக்கம், இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால்?

பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. காலரைப் பிடித்து இழுத்த பிள்ளையின் அம்மா மெய்யம்மை எழுதியிருந்தார்: "டிரைவர் மாமா தூங்கிட்டாருன்னு பாப்பா சொல்றா. உண்மையா?" அதற்குக் கீழே இன்னொருவர்: "பழைய பழக்கம் திரும்பிருச்சோ?" அதற்குக் கீழே வரிசையாகக் கேள்விக்குறிகள்.

வேனுக்குள்ளேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தான். செந்தாமரைக்கும் யாரோ போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். அவளே வந்து வேன் கதவைத் திறந்தாள்.

"ஊதுங்க."

"என்னத்தா இது?"

"ஊதுங்கங்கிறேன்."

ஊதினான். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தினமும் செய்த காரியம்.

"வாடை இல்ல. அப்ப என்னத்தப் போட்டீக? மாத்திரையா?"

குடித்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குடி என்றால் ஊருக்குப் புரியும். திட்டுவார்கள், சத்தியம் வாங்குவார்கள், அப்புறம் மன்னித்துவிடுவார்கள். இதற்கு என்ன பெயர் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எனக்குத் தூக்கம் வரல, செந்தாமரை."

"எம்புட்டு நாளா?"

"பள்ளிக்கூடம் தெறந்ததுலருந்து."

"ரெண்டு மாசமாவா! எதுனால?"

"வராதோன்னு ஒரு பயம். அதுனாலயே வரல."

வாய்விட்டுச் சொன்னதும் அது எவ்வளவு அற்பமான விஷயமாகக் கேட்டது! அவள் சிரித்துவிடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் சிரிக்கவில்லை.

"எட்டு மணிக்கே வெளக்க அணைச்சுட்டு அங்குட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீக. பேச்சுக் குடுத்தா எரிஞ்சு விழுந்தீக. எம்மேல என்னமோ வெறுப்புன்னு நெனச்சு நானும் அடுத்த ரூம்ல முழிச்சுத்தான் கெடந்தேன்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. நாளைக்கு வண்டிய எடுக்கக் கூடாது."

மறுநாள் வேனை முத்துவீரன் ஓட்டினான். முன்பு இவனோடு மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், இப்போது கூப்பிட்ட இடத்துக்கு டிரைவராகப் போகிறவன். முத்துக்கண்ணனும் செந்தாமரையும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவு வாசலில் சீட்டோடு உட்கார்ந்தார்கள். தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார்.

"யாருக்கு மேலுக்கு முடியல, முத்துக்கண்ணா?"

"சொந்தக்காரவுக ஒருத்தருக்கு" என்றான் முத்துக்கண்ணன்.

"இவுகளுக்குத்தான்" என்றாள் செந்தாமரை. அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். முத்துக்கண்ணனுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

டாக்டர் சௌபர்ணிகா சின்ன வயசுக்காரி. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எட்டு மணிக்குப் படுத்துக் காலையில அஞ்சு வரைக்கும் கட்டில்லதான் இருப்பீங்களா?"

"ஆமாம்மா. கொஞ்சமாச்சும் கூடக் கெடைக்குமேன்னு."

"ஒன்பது மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் தூக்கம், ஏழு மணி நேரம் பயம். இப்ப கட்டிலப் பாத்தாலே உங்க உடம்பு பயப்படப் பழகிடுச்சு. இனி பதினோரு மணிக்கு முன்னாடி படுக்காதீங்க. படுத்துக் கொஞ்ச நேரத்துல வரலைன்னா எந்திரிச்சு வெளிய போயிடுங்க. கண்ணு இழுக்கும்போது வந்து படுங்க. தூங்கினாலும் தூங்காட்டியும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். பகல்ல படுக்கக் கூடாது. ராத்திரி மணி பாக்கக் கூடாது."

"மாத்திரை ஒண்ணும் இல்லையாம்மா?"

"முதல்ல இதச் செய்யுங்க. அடுத்த வாரம் வாங்க. நான் சொல்ற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது."

அன்று சாயங்காலமே அவன் வீடு வீடாகப் போனான். குழுவில் எழுதிப் போட்டால் போதும் என்று முத்துவீரன் சொன்னான். முத்துக்கண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சில வீடுகளில் காப்பி கொடுத்து, "ஓய்வெடுங்கண்ணே" என்றார்கள். ஒரு வீட்டில், தூக்கம் வராததெல்லாம் ஒரு வியாதியா என்று நம்பாமல் சிரித்தார்கள். கடைசியாக மெய்யம்மை வீட்டுக்குப் போனான்.

"ஆச்சி, நான் குடிக்கல. ஆனா பாப்பா சொன்னது நெசம். ரெண்டு மாசமா சரியாத் தூங்காமத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். சொல்லாம மறச்சது என் தப்பு."

மெய்யம்மை அவனை உள்ளே கூப்பிடவில்லை.

"குடிச்சிருந்தீகன்னாகூட, என்னமோ ஒரு நாள் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பேன், அண்ணே. நீங்க ரெண்டு மாசமாத் தெரிஞ்சே எம்புள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிருக்கீக."

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தது. அவன் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தான். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை வேனுக்கு வரவில்லை. இன்னும் மூன்று பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அவன் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

முதல் வாரம் கொடுமையாக இருந்தது. பதினோரு மணி வரை விழித்திருப்பதே பெரும்பாடு, படுத்தால் தூக்கம் ஓடிவிடும். எழுந்து வாசலுக்கு வருவான். செந்தாமரையும் சில நாள் வந்து பக்கத்தில் உட்காருவாள். மகள் மறுபடி கூடத்தில் விளக்கைப் போட்டுப் படித்தாள். பகலில் வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து போனான். பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் கதவைச் சாத்தவும் ஆள் வேண்டும் அல்லவா. தன் வேனில் பின்னால் உட்கார்ந்து வருவதைத் தெருவே பார்க்கிறது என்று முதல் இரண்டு நாள் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, நீங்க ஏன் ஓட்டல?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. அதான்."

"கண்ண மூடிக்கிட்டா வந்துருமே" என்றது பிள்ளை. மற்ற பிள்ளைகளெல்லாம் கண்ணை மூடிக் காட்டின. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், படுத்தது மட்டும் தெரியும், அலாரம் அடித்தது. அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் போய்விடுமோ என்று. அடுத்த நாள் மறுபடி விழித்திருந்தான். அப்படித்தான் போனது: இரண்டு நாள் நல்ல தூக்கம், ஒரு நாள் மோசம். அக்டோபரில் டாக்டர் ஓட்டலாம் என்றாள். மெதுவாகத்தான் ஓட்டினான். மெய்யம்மை வீட்டைக் கடக்கும்போது அவன் கை தானாக ஹாரனுக்குப் போய்த் திரும்பி வந்தது.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அவனுக்குச் சுத்தமாகத் தூக்கம் இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவினான். கண்ணாடியில் கண் சிவந்திருந்தது. பத்து நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தான், ஒரு நாள்தானே. பிறகு நம்பரைத் தட்டினான்.

"முத்துவீரா, நான் ராத்திரி தூங்கலப்பா. இன்னைக்கு நீ வந்து ஓட்டு."

சொல்லும்போது இப்போதும் கூச்சமாகத்தான் இருந்தது.

"இந்தா வந்துட்டேண்ணே" என்றான் முத்துவீரன்.

முத்துக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, வேனின் பின்கதவைத் திறந்து, சீட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான்.