ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு பை

டாக்டர் சொன்னது ஒன்று, அவள் எடுத்துக்கொண்டது ஒன்று. பழகின இடம், பழகின சாப்பாடு என்றால் அவருக்குக் கொஞ்சம் நிதானம் இருக்கும் என்றார் டாக்டர். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றாதீர்கள் என்கிற அளவில்தான் அவர் சொன்னது. இவளோ, புருஷனுக்கு ரொம்பப் பழகின இடம் கடல் தாண்டி இருக்கிறது என்று இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். மகன் போனில் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். கேட்டால்தானே? ஆசை யாரை விட்டது?

ஏழு மாதமாக அவருக்கு அவளை யாரென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போகிற அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். வாழ்நாள் முழுக்க அவளை அதட்டியே கூப்பிட்டுப் பழகின மனுஷர். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. ஒரே ஒரு தடவை, திட்டுவதற்காகவாவது, இவள் என் பெண்டாட்டி என்று தெரிந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்றிருந்தாள்.

அந்த நாட்டில் அவர் இருபது வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் மாஸ்டராக இருந்தவர். கடைசி ஐந்து வருஷம் அவளும் கூட இருந்தாள். கடைக்கு மேலேயே ஓர் அறை. சுவரெல்லாம் தாளிப்பு வாடை. மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, கேள்வி கேட்க ஒரு ஜீவன் இல்லை. அவள் வாழ்க்கையில் அப்படி ஓர் ஐந்து வருஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

விமான நிலையத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கடைத்தெரு முனையில் டாக்சி நின்றதும் தானே இறங்கி விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தார். சலவைக் கடை, பஸ் நிறுத்தம், அப்புறம் இடது பக்கச் சந்து. ஒன்றும் தப்பவில்லை. மூட்டுவலிக்காரி மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் ஓடி எத்தனை வருஷமிருக்கும்!

சாப்பாட்டுக் கடை அங்கேயேதான் இருந்தது. அந்தக் காலத்தில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் இப்போது முதலாளி. முடி பின்னால் போய், வயிறு முன்னால் வந்திருந்தது. "மாஸ்டர்!" என்று வந்து கட்டிக்கொண்டார். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். "என்னப்பா, வெங்காயம் கருகுது, அடுப்புல யாரு?" என்றார். கடையே சிரித்தது. அவள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரொட்டியும் பருப்பும் வந்தன. அவர் ரொட்டியைப் பிய்த்து, காய்ந்த ஓரத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, மெத்தென்ற நடுப்பாகத்தை அவள் தட்டில் வைத்தார். மேல் அறையில் இருந்தபோது தினமும் செய்ததுதான். தெரிந்துவிட்டது, இவருக்குத் தெரிந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா சாப்பிடுங்கம்மா," என்றார் அவர். "கடைக்கு வந்தவங்க பசியோட போகக் கூடாது."

சாண் ஏற முழம் சறுக்கியது. அவள் அந்த ரொட்டியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள்.

மூன்றாம் நாள் அவராகவே சாமான் வாங்கக் கிளம்பினார். சோப்பு, பவுடர், பூப்போட்ட குடை, ஒரு பிளாஸ்க் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். விலை கேட்பதிலும், வேண்டாமென்று நாலடி நடந்து திரும்பி வருவதிலும் பழைய சாமர்த்தியம் ஒரு குண்டுமணி குறையவில்லை. இதெல்லாம் யாருக்கு என்று மெதுவாகக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரிக்கும்மா. ஊர்ல இருக்கா. எங்கம்மாகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறா, பாவம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நாடு சரியான நாடுதான். ஆனால் அவர் போய் நின்றுகொண்டது கடைசி ஐந்து வருஷத்தில் இல்லை, அவள் வருவதற்கு முந்தின பதினைந்தில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவள் இல்லாத காலத்துக்கு அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறாள். வீட்டிலேயே இருந்திருந்தால் ஏதோ ஒரு மூலையிலாவது அவள் இருந்திருப்பாள். இங்கே அதுவும் இல்லை.

செருப்புக் கடையில் அவர் ஆறாம் நம்பர் கேட்டார். எட்டு வாங்கினால் நல்லது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நாற்பது வருஷம் நின்று வேலை செய்த கால், பரந்துதான் போயிருந்தது.

"அவ கால் சின்னதும்மா," என்றார். "நீங்க உங்க காலை வெச்சு சொல்லாதீங்க."

விற்கிற பெண் சிரித்தாள். இவளும் கூடச் சிரித்துவைத்தாள். சக்களத்தி மேல்தான் பொறாமை வரும் என்பார்கள்; அவளுக்குத் தன் மேலேயே வந்தது. அந்தச் சின்னக் கால்காரிக்கு என்ன குறை? அவளை நினைத்துக்கொண்டிருக்க ஒருவர் இருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலை, லாட்ஜ் அறையில் அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அவர் குளித்து, தலைவாரி, வாங்கின சாமானையெல்லாம் ஒரு துணிப்பையில் அடுக்கி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது வழக்கம். யாராவது ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், ஆளுக்கொரு பையோடு வந்து நிற்பார்கள். முன்பின் தெரியாதவர் என்றாலும் மறுக்கமாட்டார்கள். இன்றைக்கு அவன் பை, நாளைக்கு என் பை.

"நீங்க ஊருக்குத்தானேம்மா போறீங்க? எனக்கு இந்த வருஷம் லீவு இல்ல. இதை மட்டும் என் வீட்டுக்காரிகிட்ட சேர்த்துடுங்க. நான் இளைச்சிருக்கேன்னு சொல்லிடாதீங்க. அழுவா."

"சொல்லமாட்டேன்," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அவங்க எப்படி இருப்பாங்க? பார்த்ததும் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் சொல்ல வாயெடுத்தார். நின்றார். ஜன்னலைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. எதையோ தொலைத்துவிட்டவர் போலப் பையின் கயிற்றை அவிழ்க்கப் போனார். "இருங்கம்மா... முகம்..." என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது.

அவள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆக, அந்தச் சின்னக் கால்காரியும் போய்விட்டாள்.

"பரவாயில்லைங்க," என்றாள். "எனக்கு அவளைத் தெரியும். குடுத்துடுறேன்."

அவர் முகம் தெளிந்தது. ரொம்ப உபகாரம் என்று சொல்லி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.