முதல் தட்டு

சமையல் கொட்டகையிலிருந்து செனெனே வறுபடும் வாசம் வந்ததுமே கயீவா செருப்பைத் தேட ஆரம்பித்தான். மசாகாவில் பிறந்தவன் எவனும் அந்த வாசத்தை விட்டு விலகி ஓடமாட்டான். அதை நோக்கித்தான் ஓடுவான். நவம்பர் மாதத்துக்கே அந்தப் பச்சை வெட்டுக்கிளியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டு மழை பெய்யும். பூச்சி மேகமாக வந்து இறங்கும். பெண்கள் றெக்கையையும் காலையும் கிள்ளிப் போட்டுவிட்டு, வெங்காயமும் உப்பும் சேர்த்து, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அதன் கொழுப்பிலேயே வறுத்து எடுப்பார்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம் இந்தக் கொண்டாட்டம். கயீவாவுக்கும் செனெனே என்றால் உயிர்தான். ஆனாலும் செருப்பைத் தேடினான்.

காரணம் ஒரு கோமேசி. தோள் இரண்டும் விறைப்பாக நிமிர்ந்து நிற்க, இடுப்பில் அகலமான பட்டி கட்டி, கல்யாணத்துக்கும் தேவாலயத்துக்கும் பெண்கள் உடுத்திக்கொண்டு போகிற நீள உடுப்பு அது. பருவத்தின் முதல் செனெனேயை மனைவி தன் கையால் பொறுக்கி, வறுத்து, கணவன் முன்னால் மண்டியிட்டுத் தட்டை நீட்டுவாள். அவன் வாங்கித் தின்றுவிட்டால் அவளுக்கு ஒரு கோமேசி எடுத்துத் தர வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவனை மசாகா சும்மா விடாது.

கயீவாவிடம் கோமேசிக்கு வழி இல்லை. அவனிடம் இருந்ததெல்லாம் தகரம். ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை அடித்தவன் அவன். சொந்த வீட்டில் இரண்டே அறை. ஒன்றின் மேல் துருப்பிடித்த பழைய தகரம், இன்னொன்றின் மேல் வானம். போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, சரிவில் வாங்கிய துண்டு நிலத்தில் எழுப்பிய அரைகுறைச் சுவர்களுக்குள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் வீடு முழுக்கப் புதுக் கூரை என்று அவளிடம் சொல்லியிருந்தான். சொன்னதோடு நிற்காமல் சாலியின் சைக்கிள் கடையில் நாலு பேர் காதுபடவும் சொல்லித் தொலைத்திருந்தான். தேவைப்பட்டதில் நாலே தகரம்தான் பாக்கி. ஒரு நல்ல கோமேசியின் விலையும் கிட்டத்தட்ட அந்த நாலு தகரம்தான். தட்டில் கை வைத்தால் கூரை போச்சு.

அவன் மனைவி நசூனா இந்தப் பதினொரு மாதமும் எதற்கும் முகம் சுளித்ததில்லை. தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார்கள். அவள் வேலியோரத்து எலுமிச்சம்புல்லைக் கிள்ளிப் போட்டு, இதுதான் வாசம் என்றாள். இறைச்சியை நிறுத்தினார்கள், முதல் மழைக்குக் கரையான் புற்றில் முளைத்த காளானைக் கூடையோடு கொண்டு வந்து, விருந்தாளி வந்திருக்கிற மாதிரி வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சமைத்தாள். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து வேலி தாண்டி விழுந்த வெண்ணெய்ப் பழம், பூசணி இலையும் நிலக்கடலைச் சாறும், கொல்லையில் பழுத்த முதல் வாழைத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைத் திருவிழா ஆக்கிவிடுவாள். மழை வந்தால் கூரையில்லாத அறையில் பானை, சட்டி, தட்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்து, இன்றைக்குக் குழாயடிக்குப் போகவேண்டாம் என்று சிரிப்பாள். கயீவா அந்த நேரமெல்லாம் நனைகிற சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பான். காளான் தின்னும்போதும் அவனுக்குத் தகரம்தான் ஞாபகம்.

அவள் எதையும் கேட்காததுதான் அவனை அரித்தது. தலைக்கு எண்ணெய் கேட்கவில்லை. செருப்பு அறுந்தபோது கம்பியால் கட்டிக்கொண்டாளே தவிர வாய் திறக்கவில்லை. இப்படி ஒன்றுமே கேட்காதவள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒருநாள் ஒரே அடியாகக் கேட்பாள் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். செனெனே மாதம் பிறந்ததும், அந்த நாள் வந்துவிட்டது என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். நல்ல மனிதன்தான். ஆனால் மிச்சம் பிடித்துப் பிடித்து, மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு வருகிற சந்தேகப் புத்தி அவனுக்கும் வந்திருந்தது.

முதல் தட்டு வந்த காலையில் அவன் வசமாக மாட்டிக்கொண்டான். நவம்பரில் கூரைக்காரனுக்கு வேலை கிடையாது. ஊரிலுள்ள புதுத் தகரமெல்லாம் குன்றின் மேல் வெளிச்சப் பொறிகளில் சாய்ந்து கிடக்கும். விளக்கைத் தேடி வருகிற பூச்சி தகரத்தில் வழுக்கிப் பீப்பாயில் விழும். பொறி வைக்கிறவன் சம்பாதிப்பான், கூரை அடிக்கிறவன் வீட்டில் கிடப்பான். நசூனா விடியற்காலையில் குன்றடிப் புல்வெளிக்குப் போய், பொறிக்குத் தப்பிய பூச்சிகளைக் கையால் பொறுக்கி வந்திருந்தாள். அவன் முன்னால் மண்டியிட்டுத் தட்டை நீட்டினாள். நெற்றியில் ஒரு றெக்கை ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தாங்க. முதல் தட்டு."

"பல்லு வலி. அப்புறம் பார்க்கலாம்."

"மெதுவா மென்னு பாருங்களேன்."

"வலிக்குதுன்னு சொல்றேன்ல."

அவள் கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அந்தக் காலத்தில்தான் பெண்கள் செனெனே தின்னக்கூடாது என்று வைத்திருந்தார்கள். இப்போது மசாகாவில் தின்னாத பெண் யார்? உள்ளே போய்த் தின்றுகொள்வாள் என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்கும் வசதியாக இருந்தது.

அப்புறம் வந்த நாட்களில் கயீவாவுக்குக் காலும் தங்கவில்லை, மனமும் தங்கவில்லை. ஒருநாள் உபவாசம் என்றான். இன்னொரு நாள் வயிறு சரியில்லை என்றான். அடுப்புப் புகை எழுந்தால் ஆணி வாங்கக் கிளம்பினான். ஆணி வாங்கக் காசு ஏது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மூடிய சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தான். அடுக்கி வைத்த தகரங்களை ஒன்றுமில்லாமல் எடுத்துத் துடைத்து மறுபடியும் அடுக்கினான். தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் வாசலில் கூட்டமாக உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தடவிக்கொண்டு, பேசிப் பேசி றெக்கை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே வாசம். அவன் வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டே நடந்தான்.

சாலியின் சைக்கிள் கடையில் விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாலி தன் பெண்டாட்டிக்கு முதல் வாரமே ஊதா நிறத்தில் கோமேசி எடுத்துக் கொடுத்துவிட்டவன். அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

"என்னப்பா, குலம் மாறிட்டியாமே?" என்றான். செனெனே குலத்தார் மட்டும்தான் தங்கள் குலப்பூச்சி என்று அதைத் தொடமாட்டார்கள். "சொல்லியிருந்தா நாங்களும் வந்து வாழ்த்தியிருப்போமே."

"பல்லு வலி."

"பல்லா வலிக்குது, பையா வலிக்குது?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கயீவாவும் சிரித்து வைத்தான். சாலி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். சூடு ஆறாத செனெனே, பொன்னிறம், மேலே பச்சை மிளகாய்த் துண்டுகள். சாலி கொடுத்ததைத் தின்றால் யாருக்கும் கோமேசி எடுக்க வேண்டியதில்லை. கயீவா ஒன்று எடுத்தான். பிறகு ஒரு கைப்பிடி எடுத்தான். பொட்டலம் காலியானதும் காகிதத்தில் ஒட்டியிருந்த உப்பையும் விரலால் தொட்டு நக்கினான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் குழாயடியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டான். திருடனைப் போல இருந்தது. அப்படி இருந்தது அவனுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாளும் போனான்.

மூன்றாவது வாரம் காற்று திசை மாறியது. மூன்று நாள் நல்ல வெயில். குன்றின் மேல் விளக்குகளை இறக்கிவிட்டார்கள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைசி லாரியும் கம்பாலாவுக்குப் போய்விட்டது. தகரங்களைக் கழற்றுகிற சத்தம் கேட்டபோது கயீவாவுக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். பொறிக்காரர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோழிக் கொட்டகைக்குக் கூரை அடித்துத் தரச் சொல்லி முன்பணமும் கொடுத்தார். பாக்கி நாலு தகரம் வந்த மாதிரிதான். அதைச் சொல்லப் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

நசூனா கூரையில்லாத அறையில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லது," என்றாள். "பல்லு வலி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சாலி கடைக்குப் போனப்பவே போயிடுச்சாம். அவர் பெண்டாட்டி புது உடுப்பைக் காட்ட வந்தப்ப சொன்னா."

கயீவா சுவரைப் பார்த்தான்.

"என் கையால தர்றது வேண்டாம்னு ஆயிட்டா நேராச் சொல்லிடுங்க. எங்க அண்ணன் வீடு ஒண்ணும் தூரத்துல இல்ல. நான் தினமும் மண்டி போட்டு நீட்ட, நீங்க எழுந்து ஓடறது எனக்கே அசிங்கமா இருக்கு."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனை உலுக்கியது. அண்ணன் வீடு என்ற சொல் இந்த ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவன் முன்னும் பின்னுமாக உளறினான். தட்டில் ஒன்றும் குறையில்லை என்றான், உன் கையில் ஒன்றும் குறையில்லை என்றான். கோமேசிதான் என்றான், நாலு தகரம் என்றான், சாலி கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றான். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவனுக்கே தெரிந்தது.

"கோமேசியை யார் கேட்டா?" என்றாள் நசூனா.

"நீ கேக்கல. ஆனா தின்னுட்டா எடுத்துத் தரணும்ல?"

"கதவு இல்லாத வீட்டுல கோமேசியை எங்க வெச்சுக்கிறது? எனக்குச் செனெனே திங்கணும். அவ்வளவுதான்."

"தின்னியே. யார் வேணாம்னா?"

"நான் ஒண்ணுகூட வாயில வைக்கல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள்: அவள் பிறந்த வீட்டில் முதல் தட்டில் புருஷன் வாய் வைத்த பிறகுதான் பெண்கள் வாய் வைப்பார்கள். பெண்கள் தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே அப்படித்தான். கயீவாவுக்கும் இது தெரிந்த விஷயம்தான், தகர ஞாபகத்தில் மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு வருடமும் அவன் முதல் வாய் போட்ட மறு நிமிடம் கொட்டகையிலிருந்து அவள் மெல்லுகிற சத்தம் கேட்கும். முந்தைய வருடங்களில் எல்லாம் அவன் யோசிக்காமல் தின்றான், கோமேசியோ துணியோ கையில் இருந்ததைக் கொடுத்தான். இந்த வருடம்தான் யோசித்தான். வறுத்ததையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், கடைசித் தட்டும் நேற்றே போய்விட்டது என்று அவள் சொன்னாள்.

"சர்க்கரை வேண்டாம்னீங்க, சரின்னேன். இறைச்சி வேண்டாம்னீங்க, சரின்னேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. காசில்லாம வானத்துலேர்ந்து விழறது ஒண்ணு வரும்னு வருஷம் பூரா பார்த்துக்கிட்டு இருந்தேன். அதையும் மிச்சம் பிடிச்சுட்டீங்க."

 கயீவா சந்தைக்கு ஓடினான். கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. குன்றின் மேல் ஏறிக் கேட்டான். பொறிக்காரர் காலிப் பீப்பாயைத் தட்டிக் காட்டினார். இப்போது யாராவது ஒரு கைப்பிடி செனெனேவுக்கு நாலு தகரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்க ஆள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் குன்றடிப் புல்வெளிக்குப் போனான். பெண்கள் குனிந்து பொறுக்குகிற இடத்தில் ஆறடி ஆள் ஒருவன் தவழ்வதைப் பார்த்து, தண்ணீருக்குப் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். ஒருத்தி என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. வெயில் ஏறும்வரை புல் புல்லாக விலக்கிப் பார்த்தான். பதினாலு கிடைத்தது. ஒன்று ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது.

றெக்கையை அவனே கிள்ளினான். சாம்பல் தடவிக்கொள்ள மறந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. பூச்சியின் கால் முள் விரலைக் கீறியது. நசூனா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கவும் வரவில்லை, திருத்தவும் இல்லை. வெங்காயம் கருகிவிட்டது. தட்டில் கொட்டியபோது அடிப்பாகம்கூட மறையவில்லை. அவளிடம் நீட்டினான்.

"நீங்க முதல்ல," என்றாள்.

இருந்ததிலேயே சின்னதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ருசி தெரியவில்லை. அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, அவசரப்படாமல் மென்றாள். பக்கத்தில் அவன் நிற்பதையே மறந்துவிட்டாள். அவளைப் பார்க்கப் பார்க்க கயீவாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த முகத்தைப் பார்க்காமல் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. கடைசி ஒன்றையும் தின்றுவிட்டு அவள் தட்டை விரலால் வழித்தாள். அப்புறம் நிமிர்ந்து அவனைப் பார்த்து, அந்த வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் ஒன்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.